பழைய டூரிங் சைக்கிளைத் தினசரி ஓட்டத்துக்குத் தயார் செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

1970களிலோ 1980களிலோ வந்த நல்ல டூரிங் சைக்கிள் ஒன்று கைக்கு வந்ததும் பாதிப் பேர் பெயின்ட் வாங்க ஓடுவார்கள். மீதிப் பேர் புது கியர் செட்டுக்கு ஆர்டர் போட்டுவிட்டுத்தான் சைக்கிளையே துடைத்துப் பார்ப்பார்கள். இரண்டும் தலைகீழ் வேலை. தினமும் வேலைக்குப் போய்வர வேண்டிய வண்டிக்கு முதலில் வேண்டியது ஒரு வெர்னியர் காலிப்பர், மூன்று மீட்டர் நூல், ஒரு நோட்டு. அளந்து எழுதிய பிறகுதான் பர்ஸைத் திறக்க வேண்டும்.

டாஸ் கேலக்ஸி, மியாட்டா 1000, டிரெக் 520 மாதிரியான வண்டிகள் மூட்டை முடிச்சோடு நெடுந்தூரம் போவதற்கென்றே செய்யப்பட்டவை. மட்கார்டும் கேரியரும் மாட்ட ஃப்ரேமிலேயே துளைகள் இருக்கும். அகல டயருக்கு இடம் இருக்கும். பின்சக்கரம் சற்றுத் தள்ளி இருப்பதால் கேரியர் பையில் குதிகால் இடிக்காது. அலுவலகம் போகிறவருக்கு வேண்டியதும் இதேதான். ஆகவே வண்டியை வேறொன்றாக மாற்றப் பார்க்காதீர்கள். தேய்ந்ததையும் ஆபத்தானதையும் மாற்றினால் போதும்.

நூல் எதற்கு?

பின்சக்கரத்தைக் கழற்றுங்கள். ஆக்ஸில் உட்காரும் பிளவு ஒன்றில் நூலின் ஒரு முனையைக் கட்டி, முன்னால் ஃபோர்க் நுழையும் கழுத்துக் குழாயைச் சுற்றிக் கொண்டுவந்து, மறுபக்கப் பிளவில் விறைப்பாகக் கட்டுங்கள். இப்போது சீட் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளியை இரண்டு பக்கமும் அளங்கள். ஒரு மில்லிமீட்டர் முன்னே பின்னே இருந்தால் பரவாயில்லை. நான்கைந்து மில்லிமீட்டர் வித்தியாசம் வந்தால் ஃப்ரேம் எங்கோ கோணியிருக்கிறது.

அப்புறம், கழுத்துக் குழாய்க்குச் சற்றுப் பின்னால், கீழ்க்குழாயின் அடிப்பக்கத்தை விரல் நுனியால் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத சிறு மேடு விரலுக்குத் தட்டுப்படும். அப்படி ஒரு சுருக்கம் இருந்தால் வண்டி முன்பு எதிலோ நேராக மோதியிருக்கிறது என்று அர்த்தம். இதைப் பார்க்காமல் பெயின்ட் அடிப்பவர் அந்தச் சாட்சியையும் சேர்த்து மூடிவிடுகிறார்.

அளவில் ஏமாறுவது

27 இஞ்ச் சக்கரமும் 700சி சக்கரமும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் டயர் உட்காரும் இடத்தின் விட்டம் ஒன்றில் 630 மி.மீ., மற்றதில் 622 மி.மீ. ஒன்றின் டயர் மற்றதில் சேராது. பழைய டூரிங் வண்டிகள் பலவற்றில் இருப்பது 27 இஞ்ச். 700சி ரிம்முக்கு மாறினால் டயர் வகை எக்கச்சக்கமாகக் கிடைக்கும், மட்கார்டுக்கும் கூடுதல் இடம் வரும். நல்ல மாற்றம்தான். ஆனால் ரிம் 4 மி.மீ. கீழே இறங்கிவிடும், பிரேக் கட்டையும் அதே அளவு இறங்க வேண்டும். உங்கள் பிரேக்கில் கட்டை நகரும் பள்ளத்தில் கீழே இன்னும் 4 மி.மீ. மிச்சம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சக்கரம் வாங்குங்கள். பழைய 27 இஞ்ச் ரிம்மையே வைத்துக்கொள்வதானால், அதன் உள்விளிம்பில் கொக்கி போன்ற வளைவு இல்லையென்றால் கம்பி டயர் (விளிம்புக்குள் ஸ்டீல் கம்பி ஓடும் டயர்) மட்டும் போடுங்கள், காற்றையும் மிதமாக அடியுங்கள். ஏற்றினால் டயர் ரிம்மை விட்டு வெளியே வந்துவிடலாம்.

பின்பக்க அகலம் அடுத்த பொறி. 5 ஸ்பீடு காலத்து ஃப்ரேமில் 120 மி.மீ., 6, 7 ஸ்பீடு காலத்தில் 126, பிறகு 130 என்று ஹப் (சக்கரத்தின் நடுக்குடம்) அகலம் வளர்ந்துகொண்டே வந்தது. ஸ்டீல் ஃப்ரேமில் 126க்குள் 130 ஹப்பைக் கையால் விரித்தே போட்டுவிடலாம், பக்கத்துக்கு 2 மி.மீ.தான். 120லிருந்து 130 என்றால் ஃப்ரேமை முறையாக விரித்து, இரண்டு பிளவும் ஒன்றுக்கொன்று நேராக நிற்கும்படி சரிசெய்ய வேண்டும். இல்லாவிட்டால் ஆக்ஸில் வளையும், நாளடைவில் முறியும். அலுமினிய ஃப்ரேமில் இந்த வேலையே கூடாது. என்னைக் கேட்டால், 126 ஃப்ரேமில் நல்ல 7 ஸ்பீடு ஃப்ரீவீல் (பின்சக்கரத்தில் திருகும் பல்சக்கரத் தொகுதி) போட்டால் தினசரி ஓட்டத்துக்குத் தாராளம்.

இனி என் சொந்தக் கதை. பெடல் அச்சு ஓடும் அடிக்குழாயில், செயின் பக்கத்துக் கப் (பேரிங் உட்காரும் கிண்ணம்) பெரும்பாலான சைக்கிள்களில் இடம்புரி மரை. அதாவது கழற்றுவதற்கு வலப்பக்கம் திருப்ப வேண்டும். இதைப் படித்து மனப்பாடம் செய்து வைத்திருந்த நான், ஒரு பிரெஞ்சு ஃப்ரேமில் ஸ்பேனரை மாட்டி, அதன் பிடியில் ஒரு மீட்டர் குழாயைச் செருகி, வலப்பக்கமாக என் முழு எடையையும் போட்டேன். அசையவில்லை. எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊறவைத்து, மறுநாள் மறுபடி தொங்கினேன். பழைய பிரெஞ்சு ஃப்ரேம்கள் பலவற்றில் இரண்டு பக்கமும் வலம்புரி மரை. இரண்டு நாளாக நான் அதைக் கழற்றவில்லை, இறுக்கிக்கொண்டிருந்தேன்!

இத்தாலிய ஃப்ரேமிலும் இரண்டு பக்கமும் வலம்புரிதான். பிரெஞ்சு மரையின் விட்டம் 35 மி.மீ., பொதுவான ஆங்கிலேய மரை 1.37 இஞ்ச், அதாவது 34.8 மி.மீ. கண்ணால் பார்த்துச் சொல்லவே முடியாது. ஒன்றில் மற்றதை வைத்தால் முதல் சுற்றுப் பிடிப்பதுபோல் இருந்துவிட்டு மரையைத் தின்றுவிடும். பழைய கப்பின் மீது அளவு பொறித்திருக்கும், துடைத்துப் படியுங்கள்.

கழற்றும்போது செய்யும் அவசரம்

பழைய ரிம்மைத் தூக்கிப் போட்டுவிட்டு ஹப்பை மட்டும் காப்பாற்ற நினைப்பவர்கள் கட்டரை எடுத்து ஸ்போக்குகளை வெட்டிவிடுவார்கள். அதற்குப் பிறகுதான் ஃப்ரீவீல் நினைவுக்கு வரும். பல வருடம் மிதித்து மிதித்து இறுகிய ஃப்ரீவீல் அது. அதைக் கழற்றும் டூலை வைஸில் கடிக்கவைத்து, சக்கரத்தையே லாரி ஸ்டியரிங் மாதிரி இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பினால்தான் இளகும். ரிம் போய்விட்டால் பிடிக்க எதுவும் இல்லை. முதலில் ஃப்ரீவீல், அப்புறம் ஸ்போக். டூலை ஆக்ஸில் நட்டால் லேசாகப் பிடித்து வையுங்கள், அரைச் சுற்று இளகியதும் நட்டைத் தளர்த்திவிடுங்கள்.

கிராங்க் (பெடல் மாட்டும் கை) கழற்றும் புல்லரின் மரை முழுவதும் உள்ளே போகாமல் திருகினால் கிராங்கின் மரை உரிந்துவிடும். உள்ளே வாஷர் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்காததுதான் பெரும்பாலும் காரணம். ஸ்டீல் குழாய்க்குள் அலுமினிய சீட் கம்பி இறுகியிருந்தால் துருநீக்கி எண்ணெய் விட்டு நாள் கணக்கில் காத்திருங்கள். திரும்பப் போடும்போது கிரீஸ் தடவ மறக்காதீர்கள்.

பிரேக்கில் சிக்கனம் வேண்டாம்

குரோம் பூசிய ஸ்டீல் ரிம் மழையில் நனைந்தால் பிரேக் பிடித்தும் வண்டி போய்க்கொண்டே இருக்கும். பளபளப்பு அழகாக இருக்கிறதே என்று அதை வைத்துக்கொள்வது, என் கணக்கில், இந்த வேலையிலேயே பெரிய தவறு. அலுமினிய ரிம்மும் புதுக் கட்டையும் போட்டாலே பழைய பிரேக் வேறு பிரேக் ஆகிவிடும். முப்பது வருடப் பழைய கட்டை கல்லாகியிருக்கும், தேயாமல் இருக்கிறது என்று ஏமாறாதீர்கள்.

கியர் கேபிளின் உறையை வெட்டி பிரேக்குக்குப் போடுகிறவர்கள் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். ஆனால் பிரேக் உறைக்குள் கம்பி ஸ்பிரிங்காகச் சுற்றியிருக்கும், கியர் உறைக்குள் நீளவாட்டில் ஓடும். அவசரத்தில் பிரேக்கை இறுகப் பிடிக்கும்போது கியர் உறை வெடித்துப் பிரிந்துவிடும். வெட்டிய முனையைப் பார்த்தாலே தெரியும், வட்டம் வட்டமாக இருந்தால் பிரேக், புள்ளி புள்ளியாக இருந்தால் கியர்.

வளைந்த ஹேண்டிலின் மேல்பகுதியில் கைக்கு எட்டும்படி கூடுதல் லீவர் ஒட்டியிருந்தால் கழற்றிவிடுங்கள். பாதி இழுப்பு அதிலேயே வீணாகும். டிஸ்க் பிரேக் ஆசை வேண்டவே வேண்டாம். ஒரு பக்கமாக அத்தனை விசையைத் தாங்குவதற்காக அந்த மெல்லிய ஃபோர்க் செய்யப்படவில்லை. பழைய அலுமினிய ஹேண்டில்பாரும் ஸ்டெமும் பார்க்க நன்றாக இருந்தாலும் உலோகம் களைத்திருக்கலாம். அவற்றைப் புதிதாக வாங்குங்கள்.

கியர்

கிளிக் கிளிக் என்று மாறும் கியர் 1984இல் ஷிமானோவின் எஸ்ஐஎஸ்ஸோடு பரவத் தொடங்கியது. அதற்கு முந்தைய வண்டிகளில் லீவரை இழுத்து நாமே இடம் பார்த்து நிறுத்த வேண்டும். இதைப் பழசு என்று ஒதுக்காதீர்கள். எந்த ஃப்ரீவீலோடும் எந்த டீரெய்லரோடும் (செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளும் பாகம்) ஒத்துப்போகும், கெட்டுப்போக உள்ளே எதுவும் இல்லை. ஒரே குறை, லீவர் கீழ்க்குழாயில் இருப்பது. நெரிசலில் குனிந்து ஒரு கையை விட வேண்டும். அதே வகை லீவரை ஹேண்டில் முனைக்கு மாற்றினால் பிரச்சினை தீர்ந்தது.

செயினை மட்டும் மாற்றிவிட்டு, தேய்ந்த ஃப்ரீவீலை விட்டுவிட்டால் அழுத்தி மிதிக்கும்போது வழுக்கும். செயினில் 24 கண்ணிகளின் நீளம், பின்னின் நடுவிலிருந்து பின்னின் நடுவரை, புதிதில் சரியாக 12 இஞ்ச். பதினாறில் ஒரு பங்கு இஞ்ச் நீண்டிருந்தால் மாற்றுங்கள், எட்டில் ஒரு பங்கு என்றால் ஃப்ரீவீலும் பெரும்பாலும் போயிருக்கும்.

ஹப்பைப் பிரித்தால் கிரீஸோடு பால்ஸையும் மாற்றுங்கள். பொதுவாகப் பின்னால் பக்கத்துக்கு 9, முன்னால் பக்கத்துக்கு 10. கோனை (பால்ஸை அழுத்திப் பிடிக்கும் கூம்பு நட்டு) சொட்டு ஆட்டம் இருக்கும்படி விடுங்கள். குயிக் ரிலீஸை (சக்கரத்தை ஃப்ரேமில் பூட்டும் லீவர்) இறுக்கியதும் அந்த ஆட்டம் மறைந்துவிடும்.

பெயின்ட், கடைசியாக

பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். உலர்வாக உப்புத்தாள் போட்டுத் தூசியைச் சுவாசிக்காதீர்கள், தண்ணீர் விட்டுத் தேயுங்கள். பவுடர் கோட்டிங் கொடுத்தால் மரைகளை மூடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் கப் உள்ளே போகாது. மணல் பாய்ச்சும்போதும் கவனம் தேவை. தரமான டூரிங் ஃப்ரேமின் குழாய் நடுவில் அரை மில்லிமீட்டர் தடிமனே இருக்கலாம். நான் வெளிப்பக்கத்தை அப்படியே விட்டுவிட்டு, குழாய்களுக்கு உள்ளே துருத்தடுப்பு எண்ணெய் ஊற்றி உருட்டி வடியவைப்பேன். மழையில் ஓடும் வண்டியைத் துரு உள்ளிருந்துதான் தின்னும். தவிர, கீறல் விழுந்த சைக்கிளைத் தெருவில் பூட்டிவிட்டுப் போனால் திருடன் கண்ணை அவ்வளவாக உறுத்தாது.

விளக்குக்கு டைனமோ ஹப் போடுவதானால் முன் ஃபோர்க்கின் அகலத்தையும் அளந்துகொள்ளுங்கள். ஹப் 100 மி.மீ. இருக்கும், சில பழைய ஃபோர்க்குகள் அதைவிடக் குறுகல்.

எல்லாம் முடிந்த பிறகு முதல் வாரம் ஸ்பேனர்களைப் பையிலேயே வைத்திருங்கள். புதுக் கேபிள் உறைக்குள் அமர்ந்து தளரும், புது ஸ்போக் இளகி ரிம் லேசாகக் கோட்டம் காட்டும், கிராங்க் போல்ட் இன்னும் கால் சுற்று ஏற்கும். 100 கிலோமீட்டர் ஓடியதும் ஒரு மாலை உட்கார்ந்து எல்லாவற்றையும் மறுபடி இறுக்கிவிடுங்கள்.