வேனையே வீடாக்கிக்கொண்டு ஒகேனக்கல் பக்கம் வருகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

நாங்கள் முதன்முதலில் கேம்பர் வேன் எடுத்துக்கொண்டு ஒகேனக்கல் போனது ஓர் ஆடி மாதத்தில். எங்களுக்குத் தருமபுரிதான் ஊர். பேருந்தில் எத்தனையோ தடவை போன இடம். அந்தத் தைரியத்தில் என் வீட்டுக்காரர் வேனை ஆற்றோர மணலில் கொண்டுபோய் நிறுத்திவிட்டார். படுத்தபடியே ஆறு தெரியும் என்று ஒரே சந்தோஷம். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை.

கரையில் பரிசல்களை எல்லாம் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். அதைப் படம்கூட எடுத்தேன். ஏன் கவிழ்த்திருக்கிறார்கள் என்று யோசிக்கத்தான் இல்லை. சும்மா உட்கார்ந்திருந்த பரிசல்காரர் ஒருவர் எழுந்து வந்தார்.

"வண்டிய இங்கயா சார் போட்டிருக்கீங்க?"

"மழையே இல்லீங்களேண்ணா" என்றார் இவர்.

"இங்க எதுக்கு சார் பெய்யணும்? குடகுல பெஞ்சா போதாதா?"

சொல்லிவிட்டு, தண்ணீர் மணலைத் தொடுகிற இடத்தில் ஒரு குச்சியை ஊன்றிவிட்டுப் போனார். நாங்கள் தட்டைக் கழுவி, பாயைச் சுருட்டி உள்ளே வைப்பதற்குள் குச்சிக்கும் கரைக்கும் நடுவில் ஒரு முழம் தண்ணீர். வேனைக் கிளப்பினால் பின்சக்கரம் சுழன்று மணலில் புதைகிறது. கால்மிதிகளைச் சக்கரத்துக்கு அடியில் கொடுத்து, நாலு பேர் தள்ளித்தான் மேடேற்றினோம்.

இந்தப் பக்கம் வேனில் வருகிறவர்கள் செய்யும் தவறுகளில் பாதி இந்த ரகம்தான். நிற்கிற இடத்தைப் பார்த்து முடிவு செய்துவிடுவது.

ஆற்றை உள்ளூர் வானத்தை வைத்து எடை போடுவது

ஒகேனக்கல்லில் ஓடுகிற காவிரி குடகிலும் வயநாட்டிலும் பெய்த மழை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அங்கே தென்மேற்குப் பருவமழை கொட்டும்போது தருமபுரியில் பல நாள் வெயில் காயும். கிருஷ்ணராஜ சாகரும் கபினியும் நிரம்பி உபரி நீரைத் திறந்தால், அது இங்கே வந்து சேர ஓரிரண்டு நாள் ஆகும். அதனால் பயணத்துக்கு முந்தைய நாள்களில் அந்த இரண்டு அணைகளிலிருந்தும் எவ்வளவு திறக்கிறார்கள் என்ற செய்தியைப் பாருங்கள். எல்லையில் பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையம் அளக்கிற நீர்வரத்தும் தினமும் செய்தியில் வரும்.

ஒரு கனஅடி என்றால் வினாடிக்கு ஏறக்குறைய 28 லிட்டர். 2024 ஆகஸ்ட் தொடக்கத்தில் இங்கே நீர்வரத்து ஒன்றரை லட்சம் கனஅடியைத் தாண்டியது. அப்படி வரும்போது பாறைகளே முழுகிவிடும், அருவி என்று காட்ட ஒன்றும் இருக்காது. பரிசலும் குளியலும் தடை. அந்த நேரத்தில் அருவி பார்க்க வந்து ஏமாந்து, கோபத்தில் தடுப்பைத் தாண்டி இறங்குகிறவர்களும் உண்டு. பரிசல் ஓடவில்லை என்றால் ஆற்றோரம் இரவு தங்குகிற பேச்சே வேண்டாம். மேட்டில் வாகனம் நிறுத்துமிடம் இருக்கிறது, விடுதி வளாகங்களில் கேட்டாலும் இடம் கொடுப்பார்கள். ஆறு தெரியாது, சரி. காலையில் நடந்து போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

காய்ந்த ஏரியை மைதானம் என்று நினைப்பது

ஏரிக்கு உள்ளேயும் ஏரிக்குக் கீழேயும் வேன் நிறுத்த அருமையான சமதளம் கிடைக்கும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின்போது ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை. ஏரி நிரம்பி வழிந்து, சாலையோரம் நிறுத்தியிருந்த வேன்களையும் கார்களையும் வெள்ளம் இழுத்துக்கொண்டு போனது. வறண்ட மாவட்டம் என்று பெயரெடுத்த ஊரில்தான் இது நடந்தது. ஐப்பசி, கார்த்திகையில் வருகிறவர்கள் ஏரிக் கலங்கல், அதாவது நிரம்பிய நீர் வழிந்து வெளியேறும் வழி, எந்தப் பக்கம் என்று டீக்கடையில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நிறுத்துங்கள்.

தொப்பூரை அகலமான சாலை என்று நம்புவது

தருமபுரியிலிருந்து சேலம் போகிற வழியில் தொப்பூர் கணவாய். நாலு வழிச்சாலை, கொண்டை ஊசி வளைவெல்லாம் கிடையாது. இறங்குகிறோம் என்பதே பல பேருக்கு உறைக்காது. அடிக்கடி விபத்து நடக்கிற இடம் அது. டீசல் மிச்சம் பிடிக்கிறேன் என்று நியூட்ரலில் இறங்கும் லாரிகள் பிரேக் பிடிக்காமல் முன்னால் போகிற வண்டியை இடித்துத் தள்ளிக்கொண்டு போகும்.

கேம்பர் வேன் சாதாரண வேனைவிடக் கனம். கட்டில், பேட்டரி, அடுப்பு, அதோடு தண்ணீர்த் தொட்டி. நூறு லிட்டர் தண்ணீர் என்றால் நூறு கிலோ. அந்தப் பாரத்தை பிரேக்கை மட்டும் வைத்துத் தாங்கினால் பிரேக் சூடேறி, எண்ணெய் கொதித்து, மிதித்தாலும் கால் தரை வரைக்கும் போகும். 'ஏறுகிற கியரில்தான் இறங்கணும்' என்று பழைய ஓட்டுநர்கள் சொல்வது இதற்குத்தான். இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறையுங்கள். பிரேக்கை விட்டு விட்டுப் பிடியுங்கள். பின்னால் லாரி வந்தால் வழிவிட்டு ஒதுங்குங்கள், அதோடு போட்டி வேண்டாம். முடிந்தால் பகலில் இறங்குங்கள். இவர் இப்போதும் தொப்பூர் வந்தால் பாட்டை நிறுத்திவிடுவார். என்னிடமும் பேச மாட்டார்.

வத்தல்மலை வேறு கதை. அங்கே வளைவுகள் உங்களை ஏமாற்றாது, முதல் வளைவிலேயே வேனின் நீளம் புரிந்துவிடும். காபியும் மிளகும் விளைகிற அந்த மலைக்கு வேனைக் கீழே விட்டுவிட்டுச் சின்ன வண்டியில் போய் வாருங்கள். பெரிய வேனோடு போய், நடு வளைவில் பின்னால் எடுக்கும்போது மனைவி இறங்கி 'வரலாம், வரலாம்' என்று கத்துகிற அனுபவம் எனக்கு உண்டு. இரண்டாம் தடவை வேண்டாம்.

காடு அமைதியாக இருக்கிறது என்று அங்கேயே படுப்பது

பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் இறங்கும் சாலையும், ஒகேனக்கல்லிலிருந்து அஞ்செட்டி வழியாகத் தேன்கனிக்கோட்டை போகும் சாலையும் யானைக் காட்டுக்குள் போகின்றன. இந்தப் பகுதியில் 2014இல் காவிரி வடக்கு, 2022இல் காவிரி தெற்கு என்று இரண்டு வனவிலங்கு சரணாலயங்கள் அறிவிக்கப்பட்டன. கோடையில் யானைகள் தண்ணீர் தேடி ஆற்றுக்கு இறங்கும். கேழ்வரகு முற்றும் சமயத்தில் பன்னர்கட்டா பக்கத்திலிருந்து ஜவளகிரி, தளி வழியாகக் கூட்டம் கூட்டமாக வரும். காப்புக்காட்டில் அனுமதி இல்லாமல் தங்குவது குற்றமும்கூட. இருட்டுவதற்குள் ஊருக்குள் வந்துவிடுங்கள்.

இன்னொன்று, மாம்பழம். கிருஷ்ணகிரிக்கு வந்துவிட்டு மல்கோவாவும் பெங்களூராவும் வாங்காமல் யாராவது போவார்களா? வாங்குங்கள். ஆனால் கூடைப் பழத்தை வைத்துக்கொண்டு காட்டோரம் நிற்காதீர்கள். மூடிய வேனுக்குள் நமக்கே தலை சுற்றுகிற வாசனை அது, யானைக்கு எவ்வளவு தூரம் எட்டும் என்று நினைத்துப் பாருங்கள்.

ராத்திரி டார்ச்சை எடுத்துக்கொண்டு வயலோரம் ஒதுங்குவதும் ஆபத்து. யானைக்கும் பன்றிக்கும் பயந்து சிலர் திருட்டுத்தனமாக மின்வேலி போட்டிருப்பார்கள். 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளி அருகே அப்படி ஒரு வேலியில் மூன்று யானைகள் செத்தன. யானையையே சாய்த்த கம்பி அது.

தெளிந்த தண்ணீரெல்லாம் நல்ல தண்ணீர் என்று எடுப்பது

தருமபுரி, கிருஷ்ணகிரி ஆழ்துளைக் கிணறுகளில் பல இடங்களில் புளோரைடு அதிகம். பார்க்கக் கண்ணாடி மாதிரி இருக்கும். எங்கள் தலைமுறையில் பல பேருடைய பல்லில் இருக்கும் பழுப்புக் கறை இந்தத் தண்ணீரின் வேலைதான். இதற்காகவே ஜப்பான் நிதியுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவந்தார்கள். நாலு நாள் பயணத்தில் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது, பயப்பட வேண்டாம். ஆனால் 'கொதிக்க வைத்துவிட்டேன்' என்பது இங்கே செல்லாது. கொதிக்கக் கொதிக்க நீர்தான் வற்றும், புளோரைடு அப்படியே நிற்கும். குடிக்கவும் சமைக்கவும் காவிரிக் குழாய் நீரோ ஆர்.ஓ. நீரோ தனிக் கேனில் பிடியுங்கள். தொட்டி நீர் கைகால் கழுவ மட்டும்.

ஓசூர் பக்கம் கெலவரப்பள்ளி அணைக்குப் போனால் சில நாள்களில் தென்பெண்ணையில் வெள்ளை வெளேரென்று நுரை பொங்கும். பனி மாதிரி இருக்கிறதே என்று இறங்கிவிடாதீர்கள். பெங்களூரு பக்கத்துக் கழிவைச் சுமந்து வருகிற நுரை அது.

எல்லாவற்றையும் சாத்திக்கொண்டு ஏ.சி. போடுவது

இதை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். இன்ஜினையோ ஜெனரேட்டரையோ ஓடவிட்டு வேனுக்குள் தூங்காதீர்கள். 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் சாலையோரம் நின்ற கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டர் புகையிலிருந்த கார்பன் மோனாக்சைடு உள்ளே புகுந்ததுதான் காரணம். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இருமல் வந்து எழுப்பாது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று வாங்கி மாட்டுங்கள். இரண்டு ஜன்னல்களை விரலளவு திறந்து, கொசுவலை கட்டிப் படுத்தால் மலைக்காற்றே போதும். கேஸ் அடுப்பை அணைத்தபிறகு சிலிண்டர் வால்வையும் மூடுங்கள்.

வாடகைக்கு எடுக்கிறவர்கள் நம்பர் பலகையைப் பாருங்கள். சொந்த உபயோக வெள்ளைப் பலகை வண்டியை வாடகைக்கு விடுவது சட்டப்படி கூடாது. விபத்து என்று வந்தால் காப்பீட்டில் இழுபறி ஆகும். வேனுக்குள் செய்த மாற்றங்கள் ஆர்.சி. புத்தகத்தில் ஏறியிருக்கிறதா என்றும் கேளுங்கள். எங்களுக்கு முதல் தடவை வேன் கொடுத்தவர் அந்தக் கேள்விக்குச் சிரித்தார். அடுத்த தடவை அவரிடம் போகவில்லை.

கடைசியாக, மளிகைக் கடையையே ஏற்றிக்கொண்டு வராதீர்கள். ஒகேனக்கல்லில் மீனை வாங்கிக் கொடுத்தால், அங்கேயே அடுப்பு வைத்திருக்கும் பெண்கள் குழம்பும் வறுவலும் செய்து தருவார்கள். காரம் எவ்வளவு என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். நான் சொல்லாமல் விட்ட அன்றைக்கு இவர் குடிநீர்க் கேனில் பாதியைக் குடித்தார்.