முன் பிரேக் பிடிக்கவில்லையா? பேட் வாங்கப் போகுமுன் லிவரைப் பிடித்துப் பாருங்கள்

குளச்சல் பக்கம் எங்கள் வீடு, கடலுக்குக் கூப்பிடு தூரம். தினமும் நாகர்கோவில் போய் வருகிற பைக் ராத்திரி முழுக்க உப்புக்காற்றில்தான் நிற்கும். சில வருஷம் முன்னால் முன் டிஸ்க் பிரேக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வந்தது. டிஸ்கை இரண்டு பக்கமும் அழுத்திப் பிடிக்கும் பேட் தேய்ந்திருக்கும் என்று நினைத்து இரண்டு செட் மாற்றினேன், ஒவ்வொரு தடவையும் கொஞ்ச நாள் பரவாயில்லை, அப்புறம் பழையபடி. கடைசியில் ஒரு மெக்கானிக் அண்ணன் கழற்றிய பேட் இரண்டையும் என் கையில் கொடுத்து, "மக்கா, ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாரு" என்றார். ஒன்று தகடு தெரிகிற அளவுக்குத் தேய்ந்திருந்தது, இன்னொன்று கிட்டத்தட்ட புதுசு. கோளாறு பேடில் இல்லை, பேடுகளைத் தாங்கி டிஸ்கில் அழுத்துகிற காலிப்பர் நகராமல் இறுகிப்போய் இருந்தது. அன்றைக்கு அவர் காட்டிக் கொடுத்ததும் அதற்கப்புறம் நானே செய்து பழகியதும்தான் இது.

நம்ம ஊரில் பலருக்கு முன் பிரேக் என்றாலே பயம், பிடித்தால் தூக்கி எறிந்துவிடும் என்று பின் பிரேக்கை மட்டும் மிதித்தே ஓட்டுகிறார்கள். பிரேக் பிடித்த நொடியில் வண்டியின் எடை முன் சக்கரத்துக்கு வந்துவிடுகிறது, பின் சக்கரம் லேசாகிவிடுகிறது, அதனால் வண்டியை நிறுத்துகிற வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்கினுடையதுதான். அது பலவீனமாக இருக்கிறது என்று தெரிந்தும் அடுத்த சர்வீஸில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

முதலில் எதையும் கழற்ற வேண்டாம். வண்டியை நிறுத்தி வைத்து லிவரை மெதுவாகப் பிடியுங்கள், கோளாறு எங்கே என்பதைப் பாதிக்கு மேல் கையே சொல்லிவிடும். பஞ்சைப் பிடித்த மாதிரி அமுங்கி, இரண்டு மூன்று தடவை அடித்தால் மட்டும் கெட்டியாகிறது என்றால் லிவரிலிருந்து காலிப்பருக்குப் பிரேக் ஆயில் போகிற ஹோஸில் காற்று புகுந்திருக்கிறது, மெக்கானிக் பாஷையில் ஏர் பிடித்திருக்கிறது. கெட்டியாகப் பிடித்து அழுத்தம் குறையாமல் வைத்திருக்கும்போதே லிவர் மெல்ல மெல்ல கைப்பிடிப் பக்கம் இறங்குகிறது, ஆனால் வெளியே எங்கேயும் கசிவு இல்லை என்றால் மாஸ்டர் சிலிண்டருக்குள் (லிவர் பக்கத்தில் ஆயிலை அழுத்தித் தள்ளுகிற பாகம்) இருக்கும் ரப்பர் சீல் போய்விட்டது. காலையில் நன்றாக இருந்து, கோதையாறு மாதிரி மலைச்சாலையில் பிரேக் பிடித்துக்கொண்டே இறங்கும்போது மட்டும் லிவர் தொளதொள என்று ஆனால் பிரேக் ஆயில் பழசு. லிவர் கல் மாதிரி கெட்டியாக இருக்கிறது, வண்டிதான் நிற்கவில்லை என்றால் பேட், டிஸ்க், காலிப்பர் இந்த மூன்றில் ஒன்று. கடலோர வண்டிகளில் நான் அதிகம் பார்த்தது இந்தக் கடைசி வகைதான்.

அதை முதலில் எடுத்துக்கொள்வோம். பெரும்பாலான பைக்குகளில் காலிப்பரின் ஒரு பக்கம்தான் பிஸ்டன் இருக்கும். பிஸ்டன் தன் பக்கத்துப் பேடைத் தள்ளும், தள்ளிய வேகத்தில் காலிப்பர் முழுவதும் இரண்டு பின்கள் மேல் சறுக்கி வந்து எதிர்ப் பக்கத்துப் பேடையும் டிஸ்கில் அழுத்தும். அந்தப் பின்களில் கிரீஸ் காய்ந்து உப்பும் மண்ணும் சேர்ந்து இறுகிவிட்டால் ஒரு பேட் மட்டும்தான் வேலை செய்யும், அதுவும் சாய்வாகத் தேயும். சென்டர் ஸ்டாண்ட் போட்டு, முன் சக்கரம் தரையில் படாதபடி பார்த்துக்கொண்டு கையால் சுற்றிப் பாருங்கள். பிரேக்கை விட்ட பிறகும் சக்கரம் பிடித்துப் பிடித்துச் சுற்றினால் பிஸ்டனோ பின்னோ இறுகியிருக்கிறது.

காலிப்பரைப் பிடித்திருக்கும் இரண்டு போல்ட்டைக் கழற்றினால் அது கையோடு வந்துவிடும். அதை ஹோஸில் தொங்கவிடாதீர்கள், ஒரு கயிறு போட்டுக் கட்டி வையுங்கள். பேட் இரண்டையும் எடுத்துத் தடிமனை ஒப்பிட்டுப் பாருங்கள், தேயும் பகுதி 1 மில்லிமீட்டர் அளவுக்கு வந்துவிட்டால் யோசிக்காமல் மாற்ற வேண்டியதுதான். பின்களை உருவி, பழைய கிரீஸைத் துடைத்து, சிலிக்கான் கிரீஸ் மெல்லியதாகப் பூசி, ரப்பர் உறை கிழிந்திருந்தால் புதுசு போட்டு மாட்டுங்கள். செயினுக்குப் போடும் சாதா கிரீஸ் இங்கே ஆகாது, ரப்பர் ஊதிப்போய் முன்னைவிட இறுகும். அப்புறம் லிவரைக் கொஞ்சமே கொஞ்சம் பிடித்து பிஸ்டனை ஐந்தாறு மில்லிமீட்டர் வெளியே வரவிட்டு, பழைய பல் பிரஷ், சோப்புத் தண்ணீர் கொண்டு சுற்றிலும் தேய்த்துக் கழுவுங்கள். அதற்கு மேல் பிடித்தால் பிஸ்டன் கழன்று விழுந்துவிடும், கவனம். துடைத்துக் காயவிட்டு, பிஸ்டனைச் சுற்றிப் புது பிரேக் ஆயில் ஒரு சொட்டு தடவி, மேலே ஆயில் டப்பா மூடியைத் தளர்த்திவிட்டு, பெருவிரலால் உள்ளே தள்ளுங்கள். சீராக உள்ளே போனால் நல்லது. போகவே இல்லை, விளிம்பில் வெள்ளைப் பொடி மாதிரி பூத்திருக்கிறது என்றால் சீலுக்கு அடியில் அலுமினியம் அரித்திருக்கிறது, அதை மெக்கானிக்கிடம் கொடுத்துச் சீல் மாற்றுவதுதான் சரி.

பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய் எதுவும் இந்த ரப்பர் சீல்கள் பக்கம் போகக்கூடாது. வாட்டர் வாஷ் முடிந்ததும் துருப்பிடிக்காமல் இருக்க டீசல் ஸ்பிரே அடிக்கிற பழக்கம் இருக்கிறதே, வண்டியை விடும்போதே முன் சக்கரத்தில் அடிக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். டிஸ்க் துருப்பிடிக்கிறதே என்று அதில் தேங்காய் எண்ணெய் தடவியவர்களையும் பார்த்திருக்கிறேன். மழை பெய்த மறுநாள் காலையில் டிஸ்கில் தெரியும் செந்நிறத் துரு முதல் நான்கைந்து பிரேக்கில் தானே போய்விடும், அதைப் பற்றிக் கவலையே வேண்டாம். எண்ணெய் பட்ட டிஸ்கை பிரேக் கிளீனரோ ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலோ போட்டுச் சுத்தமான துணியால் துடைக்கலாம். எண்ணெய் ஊறிய பேட் மட்டும் திரும்பாது, தூக்கிப் போட்டுவிடுங்கள். எண்ணெய் படாமல் மேல்பக்கம் கண்ணாடி மாதிரி பளபளவென்று ஆகியிருந்தால் எமரி பேப்பரைச் சமதளத்தில் வைத்து லேசாகத் தேய்த்தால் போதும், தூசியை மட்டும் மூச்சில் இழுக்காதீர்கள். டிஸ்கில் குறைந்தபட்சத் தடிமன் எவ்வளவு என்று பொறித்திருப்பார்கள், அதற்குக் கீழே போய்விட்டால் டிஸ்கையே மாற்ற வேண்டும்.

இனி ஆயில். கைப்பிடிப் பக்கத்து டப்பாவின் சின்னக் கண்ணாடியில் பாருங்கள். புது ஆயில் இளம் தேன் நிறத்தில் இருக்கும், கட்டன் சாயா நிறத்துக்கு வந்துவிட்டால் மாற்றியாக வேண்டும். பிரேக் ஆயில் காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் சரக்கு. டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது, 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. இறக்கத்தில் டிஸ்க் சூடாகும்போது உள்ளே ஆவி கிளம்பி லிவர் தொளதொளப்பது இதனால்தான். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுவது பொதுவான கணக்கு. நமக்கு ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை, மீதி நாள் கடல்காற்று, அதனால் நான் வருஷா வருஷம் மே மாதத்தில் மாற்றிவிடுகிறேன். டப்பா மூடியில் டாட் 3 அல்லது டாட் 4 எது எழுதியிருக்கிறதோ அதையே வாங்குங்கள். டாட் 5 என்பது சிலிக்கான், இவற்றோடு சேராது. இன்னொன்று, ஆயில் மட்டம் இறங்கினால் உடனே ஊற்றி நிரப்பாதீர்கள். பேட் தேயத் தேய மட்டம் தானாக இறங்கும், எனவே முதலில் பேடைப் பாருங்கள்.

ஏர் எடுக்க ஒரு ரிங் ஸ்பேனர் (பல வண்டிகளில் 8 நம்பர்), மீன் தொட்டிக்குப் போடும் டியூப் ஒரு முழம், ஒரு பழைய பாட்டில் போதும். டேங்க் மேல் ஈரத்துணி விரித்துவிடுங்கள், பிரேக் ஆயில் பெயிண்டை உரித்துவிடும், சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். காலிப்பரில் ஏர் எடுப்பதற்கென்றே இருக்கும் சின்னத் திருகுதான் நிப்பிள். அதில் முதலில் ஸ்பேனர், அதன் மேல் டியூப், டியூபின் மறுமுனை பாட்டிலில் கொஞ்சம் ஆயிலுக்குள் மூழ்கி இருக்கட்டும். லிவரை மூன்று நான்கு தடவை அடித்துப் பிடித்துக்கொண்டு, நிப்பிளைக் கால் சுற்று திறந்தால் லிவர் இறங்கும், ஆயிலோடு குமிழ் வரும். நிப்பிளை மூடிய பிறகுதான் லிவரை விட வேண்டும், முன்னால் விட்டால் வந்த காற்று திரும்ப உள்ளே போகும். குமிழ் நின்று புது நிற ஆயில் வரும் வரை இதையே செய்யுங்கள், நடுநடுவே மேல் டப்பாவை நிரப்பிக்கொண்டே இருங்கள். அது காலியானால் திரும்ப முதலிலிருந்துதான். ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் யூனிட்) உள்ள வண்டியில் டப்பாவைக் காலியாக விட்டு அந்த யூனிட்டுக்குள் காற்று போய்விட்டால் வீட்டில் எடுப்பது கஷ்டம், கம்ப்யூட்டர் மாட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். வெளியே வந்த ஆயிலைத் திரும்ப ஊற்றாதீர்கள்.

மாஸ்டர் சிலிண்டர் சீல் போயிருந்தாலோ ஹோஸில் வெடிப்பு தெரிந்தாலோ வண்டியை ஓட்டிக்கொண்டு போகாமல் மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்.

எல்லாம் மாட்டி முடித்ததும், வண்டியை எடுக்கும் முன் லிவரைக் கெட்டியாகும் வரை அடியுங்கள். பிஸ்டனை உள்ளே தள்ளியிருப்பதால் முதல் சில பிடிக்கு ஒன்றுமே இருக்காது, இதை மறந்து தெருவில் இறங்கி மதிலில் முட்டியவர்கள் உண்டு. புது பேட் என்றால் ஆள் நடமாட்டம் இல்லாத ரோட்டில் 40 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 10 வரை மெதுவாகக் குறைத்து, கொஞ்ச தூரம் ஓடி ஆறவிட்டு, மறுபடியும் குறைத்து, இப்படி ஒரு பதினைந்து இருபது தடவை செய்தால் பேடும் டிஸ்கும் பொருந்திவிடும். திரும்பி வந்து நிப்பிள் அடியிலும் ஹோஸ் சேருகிற இடத்திலும் ஒரு வெள்ளைத் தாளை வைத்து ஒற்றிப் பாருங்கள், ஈரம் ஒட்டினால் மறுபடி இறுக்கிவிட்டு நாளைக் காலையிலும் ஒருமுறை பாருங்கள்.