சிவப்புக் குழாயில் தண்ணீர் வருமா? வேலூர்ப் பக்கம் நடக்கும் சில தவறுகள்

ராணிப்பேட்டை சிப்காட், ஆம்பூர் ஷூ கம்பெனி, காட்பாடி லாட்ஜ், ஊருக்கு வெளியே புதிதாகக் கட்டிய கல்யாண மண்டபம் என்று எங்கே போனாலும் சுவரோரமாகச் சிவப்புக் குழாய் ஓடுகிறது, தீயை அணைக்கத் தண்ணீர் கொண்டுபோகும் குழாய். தீயணைப்புத் துறையிடம் தடையில்லாச் சான்று வாங்கும்போது போட்டது. போட்ட அன்று எல்லாம் ஒழுங்காகத்தான் ஓடியிருக்கும். கெடுவது அதற்கு அப்புறம். அதுவும் யாரும் கெடுக்க நினைத்துச் செய்வதில்லை, அன்றன்றைய வேலை நடக்க வேண்டுமே என்று செய்வதுதான்.

முதலில் தொட்டி. ஊரைப் பற்றிய பழைய கிண்டல் எல்லோருக்கும் தெரியும்: தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில். கோயிலுக்கு 1981-ல் ஜலகண்டேசுவரர் திரும்பி வந்துவிட்டார். காலியான இடத்தில் தண்ணீர் இல்லாத ஃபயர் டேங்கைச் சேர்த்துக்கொள்ளலாம். ஏப்ரல், மே வந்தால் போர்வெல் இழுக்காது. லாரி வரத் தாமதமாகும். அந்த நேரத்தில் நிறைந்து கிடக்கும் ஃபயர் சம்ப்பைப் பார்த்தால் யாருக்குத்தான் கை அரிக்காது? இரண்டு நாளைக்கு மட்டும் என்று ஒரு மோட்டாரை இறக்குகிறார்கள். அது அங்கேயே தங்கிவிடுகிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். தொழிற்சாலைகளில் சாதாரணமாக வைக்கும் மெயின் பம்ப் ஒன்று நிமிடத்துக்கு 2,280 லிட்டர் தள்ளும். 12,000 லிட்டர் லாரி ஒன்றின் மொத்தத் தண்ணீரும் அதற்கு ஐந்து நிமிடம்தான் வரும். அரை மணி நேரம் ஓட 68,400 லிட்டர் வேண்டும். ‘தீப்பிடித்தால் லாரி சொல்லிக்கொள்ளலாம்’ என்கிற பேச்சு இந்தக் கணக்கில் நிற்காது.

‘தொடாதே’ என்று போர்டு எழுதி மாட்டுவதில் பயனில்லை. எடுக்க முடியாதபடி அமைக்க வேண்டும். வெளியிலிருந்து வரும் தண்ணீர் முதலில் ஃபயர் டேங்கில் விழட்டும். அது நிறைந்து வழிவதுதான் அடுத்த தொட்டிக்கு, அதாவது புழக்கத்துக்குப் போக வேண்டும். இதனால் ஃபயர் டேங்கில் தண்ணீர் மாறிக்கொண்டே இருக்கும், தேங்கி நாறாது. ஒரே தொட்டிதான் இருக்கிறது என்றால், புழக்க மோட்டாரின் உறிஞ்சு குழாயை ஃபயருக்கு ஒதுக்கிய மட்டத்துக்கு மேலே வைத்துவிடுங்கள். அந்த மட்டத்துக்குக் கீழே தண்ணீர் போனால் மோட்டார் காற்றைத்தான் இழுக்கும்.

மொட்டை மாடியில் சின்டெக்ஸ் இருக்கிறது, அதிலிருந்து ஹைட்ரன்டுக்கு, அதாவது தீயணைக்கும் ஹோஸை மாட்டுகிற வாய்க்கு, லைன் கொடுத்தால் போதாதா என்று கேட்கிறார்கள். பத்து மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய 1 பார் அழுத்தம்தான் கிடைக்கும். கடைசி ஹைட்ரன்டில் 3.5 பார் இருக்க வேண்டும் என்பது கணக்கு. மேல் மாடிக்காரருக்கு அந்தத் தொட்டியிலிருந்து வருவது வாளி நிறைக்கும் தண்ணீர்தான்.

அடுத்தது பம்ப் ரூம் பேனல். உள்ளே போனதும் நான் முதலில் பார்ப்பது, பம்ப் தானாக ஓடுமா, ஆள் வந்து ஓட்ட வேண்டுமா என்று மாற்றும் செலக்டர் சுவிட்சை. பாதி இடங்களில் ‘மேனுவல்’ பக்கம் திரும்பியிருக்கும். ஏன் என்று கேட்டால் வாட்ச்மேன் சொல்லும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: ‘ராத்திரியில தானா ஓடுது சார், அதான் ஆஃப் பண்ணி வெச்சோம்.’

அது தானாக ஓடுவதற்குக் காரணம் இருக்கிறது. லைனில் அழுத்தம் எப்போதும் நிற்க வேண்டும். சின்னக் கசிவில் கொஞ்சம் குறைந்தால் ஜாக்கி பம்ப் என்கிற சின்னப் பம்ப் ஓடி நிரப்பும். உதாரணமாக, 6 பாருக்கு இறங்கினால் ஜாக்கி ஓடும், 7-ல் நிற்கும். 5-க்கு இறங்கினால் மெயின் பம்ப், 4-க்கு இறங்கினால் டீசல் பம்ப். மெயின் ஓட ஆரம்பித்தால் தானாக நிற்காது, ஆள் வந்துதான் நிறுத்த வேண்டும். அப்படித்தான் அமைக்க வேண்டும். ஆக, ராத்திரியில் மெயின் ஓடுகிறது என்றால் ஜாக்கியால் ஈடுகட்ட முடியாத அளவுக்கு எங்கோ தண்ணீர் போகிறது. மண்ணுக்கடியில் குழாய் ஓட்டை, சரியாக மூடாத வால்வு, தண்ணீர் திரும்பி ஓடாமல் பிடிக்க வேண்டிய நான்-ரிட்டர்ன் வால்வு பிடிக்காதது, இவற்றில் ஒன்று. அதைத் தேடாமல் சுவிட்சைத் திருப்பி வைப்பது, அழுகிற குழந்தையின் வாயைப் பொத்துகிற மாதிரி.

தோட்டக்காரரையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஹைட்ரன்டில் ஹோஸ் மாட்டிச் செடிக்குத் தண்ணீர் விடுவது, தோல் பதனிடும் ஷாப்பில் டிரம் கழுவுவது, பஸ் கழுவுவது எல்லாம் நடக்கிறது. தண்ணீர் போவதை விட அதனால் குழாய் கெடுவதுதான் பெரிய நஷ்டம். மூடிய இரும்புக் குழாயில் நிற்கும் தண்ணீரில் இருக்கும் ஆக்ஸிஜன் கொஞ்ச நாளில் தீர்ந்துவிடும், துருவும் மெதுவாகும். தினமும் திறந்தால் தினமும் புது ஆக்ஸிஜன் உள்ளே வரும். பாலாற்றுப் படுகையில் தோல் கழிவால் உப்பேறிய நிலத்தடி நீரும் அதோடு சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். குழாய்க்குள் துரு முடிச்சு முடிச்சாக வளர்ந்து வழியை அடைக்கும். வெளியே பளபளவென்று பெயின்ட் இருக்கும். சோதனைக்குத் திறப்பது வேறு, அதைச் செய்துதான் ஆக வேண்டும்.

கூரையிலிருந்து தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்ளருக்கு வருவோம். சினிமாவில் ஒரு சிகரெட் புகைக்கு மாடி முழுக்க மழை கொட்டுகிறதே, அப்படி நடக்காது. ஒவ்வொரு தலையிலும் ஒரு கண்ணாடிக் குமிழ் இருக்கிறது. சூடு பட்டு அது உடைந்தால் அந்தத் தலை மட்டும்தான் திறக்கும். புகைக்குத் திறக்காது. சரக்கு நனைந்துவிடும் என்று பயந்து வால்வை மூடி வைக்கும் ஜவுளிக்கடைக்காரர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. ஸ்பிரிங்ளர் இருந்தும் வேலை செய்யாமல் போன தீ விபத்துகளில் அமெரிக்கக் கணக்குப்படி முதல் காரணமாக வருவது, யாரோ தண்ணீரை அடைத்து வைத்ததுதான்.

குமிழின் நிறத்தை நம் ஊர் வெயிலோடு வைத்துப் பார்க்க வேண்டும். சிவப்பு 68 டிகிரியில் உடையும், மஞ்சள் 79, பச்சை 93. அந்த இடத்தில் வரக்கூடிய அதிகபட்சச் சூட்டை விடக் குறைந்தது 30 டிகிரி கூடுதலாக இருக்கும் குமிழை வைக்க வேண்டும். அப்படியென்றால் சிவப்புக் குமிழ் 38 டிகிரி வரைக்கும்தான் சரி. கத்திரி வெயிலில் வேலூர்த் தெருவே 40-ஐத் தாண்டும்போது, தகரக் கூரைக்கு அடியில் என்ன இருக்கும்? ஆனாலும் கொட்டேஷனில் விலை குறைவு, கடையில் கையிருப்பு என்று கோடவுன் முழுக்கச் சிவப்பையே மாட்டிவிடுகிறார்கள். மே மாதம் மதியம் இரண்டு மணிக்கு ஏணி போட்டு, கூரையை ஒட்டி ஒரு தெர்மாமீட்டரைக் கட்டிவிட்டுப் பாருங்கள். அந்த எண்ணோடு 30-ஐக் கூட்டினால் எந்த நிறம் என்று தெரிந்துவிடும். அதற்காக ஏசி ஆபீசிலும் பச்சையை மாட்டாதீர்கள், தீ பெரிதான பிறகுதான் திறக்கும்.

சுண்ணாம்பு அடிக்கும்போது ஸ்பிரிங்ளர் தலைக்கும் சேர்த்து அடிப்பது, மண்டபத்தில் சீரியல் லைட்டை அதில் கட்டுவது, அட்டைப்பெட்டியைத் தலை முட்ட அடுக்குவது இதெல்லாம் கண்ணால் பார்த்தே பிடித்துவிடலாம். பெயின்ட் பட்ட தலையைத் துடைத்து ஒப்பேற்ற முடியாது, மாற்றத்தான் வேண்டும். பெட்டிகளுக்கு மேலே அரை மீட்டராவது விடுங்கள்.

கரன்ட் விஷயம் ஒன்று. தீ என்றதும் எல்லோரும் முதலில் ஓடுவது மெயின் சுவிட்சை ஆஃப் பண்ண. ஃபயர் பம்புக்கும் அதே மெயினுக்குப் பிறகுதான் லைன் எடுத்திருக்கிறது என்றால் பம்பும் சேர்ந்து நின்றுவிடும். பம்புக்கான லைனை மெயினுக்கு முன்னாலேயே தனியாகப் பிரித்திருக்க வேண்டும். டீசல் பம்ப் இருக்கிறதே என்றால், அதில் முதலில் சாகிறது பேட்டரி. வாரம் ஒரு முறை அரை மணி நேரம் ஓட்டினால் அது முன்கூட்டியே தெரிந்துவிடும்.

ஷூ கம்பெனிகளுக்குத் தனியாக ஒன்று. ஒட்டும் பசையிலும் ஃபினிஷிங்கிலும் டொலுயீன் போன்ற கரைப்பான்கள் இருக்கின்றன. டொலுயீன் தண்ணீரை விட லேசு. எரியும் டப்பாவில் ஹோஸைப் பிடித்து அடித்தால் அது தண்ணீரின் மேல் மிதந்தபடி தீயை அடுத்த டேபிளுக்குக் கொண்டுபோகும். பசை வைக்கும் அறைக்கு நுரைதான் சரி. தண்ணீரோடு கலந்துவிடும் அசிட்டோன் மாதிரி கரைப்பான் இருந்தால் சாதாரண நுரையும் உடைந்துபோகும், ஆல்கஹாலைத் தாங்கும் வகை வேண்டும். இருப்பில் என்ன கரைப்பான் இருக்கிறது என்று சொல்லிவிட்டு வாங்குங்கள்.

ஹோஸ் பெட்டியைத் திறந்து பார்த்தால் ஹோஸ் இருக்கும், அதன் முனையில் மாட்டும் பித்தளை நாசில் இருக்காது. பழைய இரும்புக் கடையில் அதற்கு நல்ல விலை. நாசில் திருட்டுப் போகக் கூடாது என்று பெட்டிக்குப் பூட்டுப் போடுகிறார்கள், சாவி மேனேஜர் வீட்டில் இருக்கும். கண்ணாடி முகப்பு வைத்த பெட்டி, பக்கத்தில் ஒரு சின்னச் சுத்தியல், மாதம் ஒரு முறை எண்ணிப் பார்ப்பது என்று வைத்துக்கொண்டால் போதும். நனைந்த ஹோஸை அப்படியே சுருட்டி வைக்காமல் நிழலில் தொங்கவிட்டுக் காயவைக்க வேண்டும்.

கடைசியாக, கேட் பக்கத்தில் தீயணைப்பு வண்டி தண்ணீர் ஏற்றுவதற்கென்று நான்கு வாய் வைத்த இணைப்பு ஒன்று இருக்கும். உங்கள் தொட்டி காலியானாலும் 101-க்குச் சொல்லி வரும் வண்டி அந்த வழியாகத்தான் உங்கள் லைனுக்குத் தண்ணீர் தரும். அதற்கு முன்னால்தான் ஷிப்டுக்கு வருகிறவர்கள் பைக்கை நிறுத்துகிறார்கள். மூடி கழன்ற வாயில் டீ கப்பும் பான்பராக் கவரும் கிடக்கும். வண்டிகளை வேறு பக்கம் மாற்றிவிட்டு, நான்கு வாய்க்கும் மூடி வாங்கிச் சங்கிலியோடு மாட்டிவிடுங்கள்.