பிரான்ஸ் பள்ளிக்கூடத்தில் பெற்றோருக்கு ஓட்டு உண்டு: புதுச்சேரி, கடலூர்ப் பக்கமிருந்து வருபவர்களுக்கு

ஊரை விட்டுக் கிளம்புமுன் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழையும் தடுப்பூசி அட்டையையும் எடுத்து வையுங்கள். சான்றிதழ் பிரெஞ்சில் இல்லாவிட்டால், அங்கே பதிவுபெற்ற மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து மாற்றச் சொல்வார்கள். டி.சி. இல்லையே என்று கவலைப்பட வேண்டாம், வகுப்பைப் பிறந்த ஆண்டுதான் தீர்மானிக்கிறது. 2020-இல் பிறந்த பிள்ளை, ஜனவரியில் பிறந்தாலும் டிசம்பரில் பிறந்தாலும், 2026 செப்டம்பரில் முதல் வகுப்பான சே.பே.யில் உட்காரும். 2019 செப்டம்பரிலிருந்து 3 வயதிலேயே கல்வி கட்டாயம்.

ஆரம்பப் பள்ளிக்குப் பெயர் பதிவது மேரியில். புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் நிற்கும் மேரி போலத்தான், அதுவும் நகராட்சி மன்றம். அங்கே வீட்டு முகவரிச் சான்றும் கேட்பார்கள். ஊசி ஏதாவது விட்டுப்போயிருந்தால் பிள்ளையைத் தற்காலிகமாகச் சேர்த்துக்கொண்டு, போட்டு முடிக்க 3 மாதம் தருவார்கள். பெற்றோரின் விசா நிலையைக் காரணம் காட்டிப் பிள்ளையைத் திருப்பி அனுப்பக் கூடாது.

சேர்த்தாயிற்று. பலர் இதோடு நின்றுவிடுகிறார்கள். நம் ஊரில் கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும். ஆனால் அழைத்தால் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவதே நமக்குப் பழக்கம். பிரான்சில் அந்த இடத்துக்குத் தேர்தல் நடக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் அக்டோபரில் ஒரு வெள்ளி அல்லது சனிக்கிழமை. தாய்க்கு ஓர் ஓட்டு, தகப்பனுக்கு ஓர் ஓட்டு. ஒரே பள்ளியில் மூன்று பிள்ளைகள் படித்தாலும் ஆளுக்கு ஒன்றுதான். நாட்டுரிமை கேட்க மாட்டார்கள். பிரெஞ்சு பாஸ்போர்ட் உள்ள சொல்தா (பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்) குடும்பமானாலும் சரி, போன மாதம் வந்திறங்கிய கடலூர்க் குடும்பமானாலும் சரி, ஓட்டுப் போடலாம், போட்டியும் இடலாம்.

நேரில் போக முடியாதவர்கள் தபால் ஓட்டுப் போடலாம். ஓட்டுகள் வீணாவது இதில்தான் அதிகம். ஓட்டுச்சீட்டை எந்தக் குறியும் இல்லாத முதல் உறையில் போட்டு ஒட்டவும். அதை இரண்டாவது உறைக்குள் வைத்து, அதன் மேல் உங்கள் பெயர், முகவரி, தேர்தலின் பெயர் எழுதிக் கையெழுத்திடவும். கையெழுத்தை மறந்தால் ஓட்டு செல்லாது. இந்த உறை மூன்றாவது உறைக்குள் போகும். அதைப் பிள்ளையிடமே கொடுத்தனுப்பலாம். ஓட்டுச்சீட்டு என்பது ஒரு வேட்பாளர் பட்டியல். அதில் பிடிக்காத பெயரை அடித்தாலும் ஓட்டு போய்விடும். பட்டியலை முழுசாக ஏற்க வேண்டும், இல்லையென்றால் விட்டுவிட வேண்டும்.

போட்டியிட நினைத்தால், குறைந்தது இரண்டு பெயர் கொண்ட பட்டியலைத் தேர்தலுக்கு 10 நாள் முன்னதாகத் தரவேண்டும். 1947-இல் தொடங்கிய எஃப்சேபேயு, அதற்கும் மூத்த பீப் போன்ற பெற்றோர் சம்மேளனங்களில் சேரலாம். எதிலும் சேராமல் சொந்தப் பட்டியலும் போடலாம். பள்ளியில் எத்தனை வகுப்போ அத்தனை இடம், அதே அளவு மாற்று உறுப்பினர்கள். பள்ளி விழாவில் முறுக்கும் சமோசாவும் விற்கத் தமிழ்த் தாய்மாரைத் தேடி வருவார்கள், பட்டியலில் பெயர் போடத் தேடி வரமாட்டார்கள். நீங்களாகவே கேளுங்கள்.

வென்றவர்கள் உட்காரும் பள்ளி மன்றத்துக்குப் பெயர் கொன்செய் தெகோல். ஆண்டுக்கு மூன்று முறையாவது கூடும். தலைமையாசிரியர் நடத்துவார், ஆசிரியர்களும் மேயர் அல்லது அவர் பிரதிநிதியும் இருப்பார்கள். நிகழ்ச்சி நிரல் 8 நாள் முன்பே வந்துவிடும் என்பதால், உங்கள் கேள்வி அதற்கும் முன்னால் எழுத்தில் போயிருக்க வேண்டும். பிரெஞ்சு தடுமாறுகிறவர்களுக்கு இது நல்லதே, எழுதிக்கொடுத்த கேள்விக்குப் பதிலும் நடவடிக்கைக் குறிப்பில் ஏறும். உங்கள் பிள்ளையின் மதிப்பெண்ணையோ ஓர் ஆசிரியர்மீதான புகாரையோ இங்கே எடுக்க முடியாது. அதற்குத் தனியே நேரம் கேட்டுப் போங்கள், பிள்ளையையே மொழிபெயர்க்க வைக்காதீர்கள்.

பெற்றோர் கோரிக்கைகள் பெரும்பாலும் கெட்டுப்போவது தவறான கதவைத் தட்டுவதால். கட்டடம், ஹீட்டர், மேசை, மதிய உணவு, சின்னப் பிள்ளைகள் வகுப்பின் உதவியாளரான அத்செம், இவையெல்லாம் கொம்யூன், அதாவது நகராட்சியின் பொறுப்பு, மேரியிடம் கேளுங்கள். ஆசிரியர், வகுப்புகளின் எண்ணிக்கை, விடுப்பில் போனவருக்கு மாற்று ஆள் ஆகியவை அரசின் கல்வித்துறைப் பொறுப்பு. வட்டார இன்ஸ்பெக்டர், அவருக்கு மேல் மாவட்ட அதிகாரியான தாசென். மாற்று ஆசிரியர் வரவில்லை என்று மேயருக்கு மட்டும் எழுதினால் அனுதாபக் கடிதம்தான் வரும். கடிதத்தில் கோபம் வேண்டாம், கணக்கு வேண்டும்: எந்த வகுப்பு, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை, எத்தனை அரைநாள் ஆசிரியர் இல்லை. இன்ஸ்பெக்டருக்கு எழுதி, தாசெனுக்கும் மேயருக்கும் பிரதி அனுப்புங்கள்.

வகுப்பை மூடுவது இதைவிடப் பெரிய சண்டை. அடுத்த ஆண்டு எங்கே வகுப்பு திறப்பது, எங்கே மூடுவது என்ற வேலை ஜனவரி, பிப்ரவரியிலேயே நடக்கிறது. ஜூனிலும் செப்டம்பரிலும் சில மாற்றங்கள் வரும். கையில் வைத்துப் பேச வேண்டியது பெயர்ப் பதிவு எண்ணிக்கை. புதிதாக வந்த குடும்பங்கள் பதிவைத் தள்ளிப்போட்டால் அந்தப் பிள்ளைகள் கணக்கில் வரமாட்டார்கள், ஒரு வகுப்பே போகலாம். அக்கம்பக்கத்தில் பதியாத பிள்ளைகள் இருந்தால் பெற்றோரை மேரிக்கு அனுப்பிவிட்டு, அந்த எண்ணிக்கையோடு தாசெனுக்கு எழுதுங்கள். வறிய பகுதிகளில் 'ரெப்' என்று அறிவிக்கப்பட்ட பள்ளிகளில் சே.பே. வகுப்பைப் பாதியாகப் பிரித்து ஏறக்குறைய 12 பிள்ளைகளை வைப்பார்கள். அங்கே நாலைந்து பெயர்கூட கணக்கை மாற்றும்.

பிள்ளை ஆரம்பப் பள்ளிக்கு அடுத்த நடுநிலைப் பள்ளியான கொலேஜுக்குப் போனதும் கதவுகள் மாறுகின்றன. கட்டடமும் உணவும் மாவட்ட நிர்வாகமான தெபார்த்மானிடம், மேல்நிலைப் பள்ளியான லிசேயில் மண்டல நிர்வாகமான ரெழியோனிடம். ஒவ்வொரு வகுப்புக்கும் இரண்டு பெற்றோர் பிரதிநிதிகள், பருவ முடிவில் மதிப்பெண்களைப் பேசும் கூட்டத்தில் உட்காருவார்கள். அதற்குமுன் மற்ற பெற்றோரிடம் குறைகளைக் கேட்டுத் தொகுப்பது அவர்கள் வேலை. குறை கேட்டு அவர்கள் அனுப்பும் கேள்வித்தாள் வந்தால் காலியாகத் திருப்பி அனுப்பாதீர்கள்.