ஏ.எம்.ஆர். தேசியத் திட்டத்துக்குச் செலவுக் கணக்கு போடுவது எப்படி? மொரீஷியஸ் அளவில் ஒரு செய்முறை

மருந்துக்கு அடங்காத கிருமிகளைச் சமாளிக்கும் தேசியத் திட்டம் ஒன்று எழுதி முடிந்துவிட்டது. "எவ்வளவு ஆகும்?" என்று நிதியமைச்சு கேட்கிறது. இந்தப் பதிவு அங்கிருந்துதான் தொடங்குகிறது. ஏ.எம்.ஆர். (கிருமிகளின் மருந்தெதிர்ப்பு) பற்றிய விரிவான விளக்கம் இதில் இல்லை. எக்செல்லில் கூட்டல், பெருக்கல் தெரிந்தால் போதும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். கிருமி எதிர்ப்பால் நாட்டுக்கு வரும் நட்டம் வேறு, திட்டத்தை நடத்த ஆகும் செலவு வேறு. நிலைமை மோசமானால் 2050-இல் உலக உற்பத்தி 3.8% வரை குறையலாம் என்று உலக வங்கி 2017-இல் சொன்னது முதல் வகை. நாம் போடப்போவது இரண்டாவது வகை. முதலாவதை முன்னுரையில் ஒரு வரியாக வைத்துக்கொள்ளலாம். கணக்குத் தாளுக்குள் விடாதீர்கள்.

படி 1: எண்ண முடியாத வினைச்சொற்களைக் களையுங்கள்

"ஆய்வகக் கண்காணிப்பை வலுப்படுத்தல்" என்ற வரிக்கு யாராலும் விலை போட முடியாது. காவடி நாளில் கோயிலில் ஏழு கறிச் சாப்பாட்டுக்குக் கணக்கு எழுதுபவர் "பக்தர்களை உபசரித்தல்" என்று எழுதி நிறுத்துவதில்லை. எத்தனை இலை, எத்தனை பந்தி, தலைக்கு எவ்வளவு அரிசி என்று எழுதுவார். இங்கேயும் அப்படித்தான். ஒவ்வொரு வரியையும் நான்கு கேள்விகளால் உடையுங்கள்: யார், எங்கே, எத்தனை, ஆண்டுக்கு எத்தனை தடவை.

அந்த ஒரு வரி உடைந்தால் இப்படி ஆகும்: ஐந்து வட்டார மருத்துவமனைகளிலிருந்து வரும் இரத்தம், சிறுநீர் மாதிரிகளில் வளரும் கிருமிகளுக்கு மருந்துணர்வுச் சோதனை (எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்ப்பது), கந்தோஸ் மத்திய ஆய்வகத்தில் தரச்சோதனை, மாதம் ஒரு முறை தரவுத் தொகுப்பு, ஆண்டுக்கு ஓர் அறிக்கை. ஒவ்வொன்றையும் இனி எண்ணலாம். உடைக்க முடியாமல் நிற்கும் வரியைத் திட்டம் எழுதியவர்களிடமே திருப்பி அனுப்புங்கள். நீங்களாக ஊகித்து ஒரு தொகையை வைத்தால் அது அப்படியே பட்ஜெட் வரை போய்விடும்.

படி 2: எல்லை போடுங்கள் (பெரும்பாலோர் தடுக்கி விழும் இடம்)

கந்தோஸில் ஏற்கெனவே வேலை பார்க்கும் ஆய்வக ஊழியரின் சம்பளம் திட்டச் செலவா? "ஆம்" என்பவரின் கணக்கும் "இல்லை" என்பவரின் கணக்கும் பல மடங்கு வேறுபடும். இரண்டும் தப்பில்லை. இரண்டையும் ஒரே பத்தியில் (எக்செல் நெடுவரிசையில்) கலப்பதுதான் தப்பு.

ஆகவே முதல் நாளிலேயே இரண்டு பத்திகள் போடுங்கள். ஒன்று மொத்தச் செலவு: யார் பணம் கொடுத்தாலும், அந்த வேலைக்குப் போகும் எல்லாம். மற்றது கூடுதல் செலவு: திட்டம் இல்லாவிட்டால் செலவாகியிருக்காத பணம் மட்டும். நிதியமைச்சிடம் கேட்கப்போவது இரண்டாவது பத்தியின் கூட்டுத்தொகை. திட்டம் எவ்வளவு உழைப்பை விழுங்குகிறது என்பதைக் காட்டுவது முதலாவது.

கை கழுவும் ஆல்கஹால் திரவம், தடுப்பூசி, கழிவுநீர் வசதி போன்றவை இன்னும் சிக்கல். இவை ஏ.எம்.ஆருக்கும் உதவும், வேறு திட்டங்களுக்கும் உதவும். "30% நம் பங்கு" என்று ஆளுக்கொரு விகிதம் போடுவதை நான் ஏற்பதில்லை. அந்த 30 எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பதில் இருக்காது. எளிய விதி இது: இந்தத் திட்டம் இல்லாவிட்டாலும் வாங்கப்படும் பொருளா? அப்படியானால் கூடுதல் செலவு சுழியம். பல திட்டங்களுக்குப் பொதுவான பொருள் என்பதால் மொத்தச் செலவிலும் எழுதாமல், "தொற்றுத் தடுப்புப் பிரிவு ஏற்கிறது" என்று குறிப்புப் பத்தியில் விட்டுவிடுங்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு. வெளிநாட்டு நிதியில் இப்போது சம்பளம் வாங்கும் ஒருவரின் ஒப்பந்தம் திட்டத்தின் இரண்டாம் ஆண்டில் முடிகிறது என்றால், அந்த ஆண்டிலிருந்து அவர் கூடுதல் செலவுப் பத்திக்கு வந்துவிடுவார். இது அடிக்கடி விட்டுப்போகிறது.

படி 3: ஒரு வரியை அடிமட்டம் வரை எண்ணிப் பாருங்கள்

பழகுவதற்கு டிஸ்க் முறைச் சோதனையை எடுத்துக்கொள்வோம்: கிருமி வளரும் பிளேட்டில் மருந்து தோய்ந்த சிறு டிஸ்க்குகளை வைத்து, சுற்றிலும் கிருமி வளராத வளையத்தை அளப்பது. ஓர் ஆய்வகம், ஆண்டுக்கு 2,000 கிருமிகள் (மாதிரிகளிலிருந்து பிரித்தெடுத்தவை). இது எடுத்துக்காட்டு எண்தான். உங்கள் ஆய்வகப் பதிவேட்டு எண்ணைப் போடுங்கள்.

90 மி.மீ. பிளேட்டில் ஆறு டிஸ்க்குக்கு மேல் வைக்கக்கூடாது. வைத்தால் வளையங்கள் ஒன்றோடொன்று முட்டி அளக்க முடியாமல் போகும். கிருமிக்கு 12 மருந்து என்றால் 2 பிளேட்.

நோயாளி மாதிரிகள்: 2,000 × 2 = 4,000 பிளேட்.
தரச்சோதனை: 3 நிலையான (விடை முன்பே தெரிந்த) கிருமி வகைகள் × 2 பிளேட் × 52 வாரம் = 312.
கெட்டுப்போவது, மறுபடி செய்வது 10%: 431.
மொத்தம் 4,743.

ஒரு பிளேட்டில் மீடியா (கிருமி வளரும் கூழ்) 4 மி.மீ. உயரம் நிற்க ஏறக்குறைய 25 மி.லி. வேண்டும். 4,743 × 25 மி.லி. = 118.6 லிட்டர். அந்த மீடியாவுக்கான முல்லர் ஹின்டன் அகார் தூள் லிட்டருக்கு 38 கிராம். ஆகவே 4,506 கிராம். 500 கிராம் டப்பாவில் 9.01 டப்பா. வாங்க வேண்டியது 10. எக்செல்லில் ரவுண்ட்அப் போடாமல் 9.01-ஐ விலையால் பெருக்குவது புதியவர்கள் எல்லாரும் செய்யும் பிழை. ஒரு டப்பாவில் பெரிய தொகை இல்லை. நூறு வரிகளிலும் இப்படி விட்டால் கணக்கு எப்போதும் குறைவாகவே நிற்கும்.

டிஸ்க்கும் அப்படியே. 2,000 கிருமிகளில் 1,400 "கிராம் நெகட்டிவ்" என்ற வகை என்று வையுங்கள். சிப்ரோஃப்ளாக்சசின் டிஸ்க் 1,400, இ.கோலை, சூடோமோனாஸ் என்ற இரண்டு நிலையான கிருமிகளுக்கும் வாராந்தரத் தரச்சோதனை 104. 10% சேர்த்தால் 1,655. கார்ட்ரிஜுக்கு 50 டிஸ்க், ஆக 34 கார்ட்ரிஜ். ஐந்து கார்ட்ரிஜ் கொண்ட பெட்டியாக மட்டும் விற்றால் 7 பெட்டி. அபூர்வமாகப் பயன்படும் மருந்துகளின் டிஸ்க் பாதிப் பெட்டியிலேயே காலாவதியாகும். அவற்றுக்கு 10% சேதாரம் போதாது.

கோலிஸ்டின் கண்காணிப்பு திட்டத்தில் இருந்தால் தனி வரி போடுங்கள். அந்த மருந்து அகாரில் சரியாகப் பரவாது, அதனால் டிஸ்க் வளையத்தை நம்ப முடியாது. பிராத் மைக்ரோடைலூஷன் (மருந்தை வெவ்வேறு அளவில் கலந்த திரவத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்ப்பது) வேண்டும். ஒரு சோதனைக்கு ஆகும் விலையே வேறு.

இரத்தக் கல்ச்சருக்கு (இரத்தத்தில் உள்ள கிருமியைப் பாட்டிலில் வளர்த்துப் பார்ப்பது) "நோயாளிக்கு ஒரு பாட்டில்" என்று போட்டுவிடாதீர்கள். வயது வந்தவருக்கு முறைப்படி இரண்டு செட், செட்டுக்கு இரண்டு பாட்டில், ஆக நான்கு. கல்ச்சர் இயந்திரத்தை இலவசமாக வைத்துவிட்டு பாட்டிலை மட்டும் விற்கும் ஒப்பந்தமும் உண்டு. அப்படியானால் இயந்திர விலை பாட்டில் விலைக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. மூலதனப் பத்தியில் இயந்திரத்தையும் எழுதினால் இரட்டைக் கணக்கு. சொந்தமாக வாங்கினால் உத்தரவாதக் காலம் முடிந்தபின் பராமரிப்புக்கு ஆண்டுக்கு விலையில் 10% ஒதுக்குவது வழக்கம். கிருமிகளைச் சேமித்து வைக்கும் −80 டிகிரி ஃப்ரீசருக்கும் இது பொருந்தும்.

ரோட்ரிக்ஸ் தனிக் கணக்கு

ஒரு மருத்துவமனைக்குப் போட்டதை ஆறால் பெருக்கினால் ரோட்ரிக்ஸ் தீவும் வந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். அங்கே ஆண்டுக்கு 150 கிருமிகள்தான் என்று வைத்துக்கொள்வோம். நோயாளி பிளேட் 300, தரச்சோதனை பிளேட் அதே 312. வேலை குறைந்தாலும் தரச்சோதனை குறையாது, அதனால் ஒரு சோதனையின் செலவு இரட்டிப்பு. மாற்று வழி, கிருமியை விமானத்தில் கந்தோஸுக்கு அனுப்புவது: நோய்க்கிருமி மாதிரிகளை அனுப்பும் யு.என். 3373 மூன்றடுக்குப் பெட்டி, விமானக் கட்டணம், பிளேசான்ஸ் விமான நிலையத்தில் இறக்கி எடுத்துவர வண்டி. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுப் பாருங்கள். முடிவைத் தாமதமும் தீர்மானிக்கும்; மருத்துவருக்கு மறுநாள் பதில் வேண்டுமென்றால் சோதனை ரோட்ரிக்ஸின் கிரேவ் கேர் மருத்துவமனையிலேயே நடக்க வேண்டும். கண்காணிப்புக்கு மட்டும் என்றால் வாரம் ஒரு பெட்டி போதும்.

படி 4: ஆள்

ஒரு கிருமிக்குக் கை வேலை 30 நிமிடம் என்றால் 2,000-க்கு 1,000 மணி. ஆண்டுக்கு 260 வேலைநாளில் பொது விடுமுறை, சொந்த விடுப்பு, பயிற்சி நாள் போக 210 நாள், நாளுக்கு உருப்படியான 6 மணி என்றால் ஒருவர் தருவது 1,260 மணி. ஆகவே 0.8 ஆள். அந்த 0.8-ஐ அப்படியே வையுங்கள். இன்னொரு வரியில் தரவுப் பதிவுக்கு 0.2 வந்தால் ஒருவரே இரண்டையும் பார்க்கலாம்.

சம்பளத்தை 12-ஆல் பெருக்காதீர்கள். ஆண்டிறுதி போனஸ் சேர்த்து 13 மாதம். அதன்மேல் முதலாளி செலுத்தும் சமூகப் பங்களிப்பு, பயணப்படி, ஆண்டு இன்கிரிமென்ட்.

படி 5: கூட்டமும் பயிற்சியும்

பெரிய நாடுகளுக்காகச் செய்த மாதிரித் தாள்களில் ஒவ்வொரு பயிற்சிக்கும் இரவுத் தங்கல், தினப்படி என்று நிரப்பியிருக்கும். நம் தீவில் ஃபிளாக்கிலிருந்து போர்ட் லூயிஸ் வந்தவர் மாலையில் வீடு திரும்பிவிடுவார். ரோட்ரிக்ஸிலிருந்து வருபவர்களுக்கு மட்டும் விமானமும் அறையும். மற்றவர்களுக்கு மதியச் சாப்பாடு, தேநீர், பஸ் காசு. இந்த ஒரு திருத்தமே பயிற்சித் தலைப்பைக் கண்கூடாகச் சுருக்கும். கால்நடைப் பிரிவு, மீன்வளம், சுற்றுச்சூழல் ஆட்களையும் எண்ணிக்கையில் சேர்க்க மறவாதீர்கள். திட்டத்தின் பெயரில் மட்டும் அவர்களைச் சேர்த்துவிட்டுச் செலவில் விட்டுவிடுவது சகஜமாகிவிட்டது.

படி 6: ஆண்டுகள், விலையேற்றம்

நம் நிதியாண்டு ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை. திட்டம் ஜனவரி–டிசம்பர் என்று எழுதப்பட்டிருந்தால் முதல் வேலை அதை மாற்றுவது. டெண்டர் போட்டு இயந்திரம் வந்து சேர ஒன்பது மாதம் ஆகும் என்றால், முதல் ஆண்டில் அதற்கான பாட்டில், ரியேஜென்ட் (சோதனை ரசாயனம்) மூன்று மாதத்துக்குத்தான்.

விலையேற்றம் முதல் ஆண்டுக்குக் கிடையாது. 4% என்று வைத்தால் 100,000 ரூபாய், 104,000, 108,160, மூன்றாண்டுக்கு 312,160. உள்ளூர் விலையேற்றத்தைச் சம்பளம், சாப்பாடு, போக்குவரத்துக்கு மட்டும் போடுங்கள். டிஸ்க்கும் மீடியாவும் யூரோவிலோ டாலரிலோ வருபவை. அவற்றின் விலையை அந்த நாணயத்திலேயே எழுதி, மாற்று விகிதத்தை ஒரே ஒரு கட்டத்தில் வைத்து இணையுங்கள். ரூபாய் சரிந்தால் அந்தக் கட்டத்தை மட்டும் மாற்றினால் போதும்.

எந்தக் கருவி?

உலக சுகாதார நிறுவனம் இதற்கென்றே 2021-இல் எக்செல் கருவி ஒன்றை வெளியிட்டது. நல்ல கருவிதான். ஆனால் அதை முதலில் திறக்க வேண்டாம் என்பேன். விலை ஒரு தாள், அனுமானம் ஒரு தாள், செயல்பாடு ஒரு தாள் என்று சொந்தமாக மூன்று தாள் போட்டு எண்ணி முடித்தபின் அதில் ஏற்றுங்கள். கட்டங்களை நிரப்பும் அவசரத்தில் எண்ணிக்கையை யோசிக்காமல் விட்டுவிடுவோம் என்பதுதான் காரணம். விலைத் தாளில் ஒவ்வொரு விலைக்கும் பக்கத்தில் யார் தந்த விலைப்புள்ளி, எந்தத் தேதி என்று எழுதியே ஆகவேண்டும். சூத்திரத்துக்குள் நேரடியாக எண்ணைத் தட்டாதீர்கள்.

பின்சேர்க்கை: வாட் (மதிப்புக்கூட்டு வரி)

படித்தவர்களில் சிலர் கேட்ட கேள்வி இது. 15% வாட்டைக் கடைசிக் கூட்டுத்தொகையின் மேல் மொத்தமாகப் போட்டுவிடலாமா? கூடாது. சம்பளத்துக்கு வாட் இல்லை. விலக்குப் பெற்ற பொருள்களும் உண்டு. சில விலைப்புள்ளிகளில் ஏற்கெனவே சேர்ந்திருக்கும். விலைத் தாளில் "வாட் உண்டு, இல்லை, சேர்ந்தது" என்று ஒரு பத்தி வைத்து வரி வரியாகப் போடுங்கள்.

படி 7: யார் கொடுப்பது?

ஒவ்வொரு வரிக்கும் எதிரே மூன்று பத்திகள்: அரசு ஒதுக்கியது, வெளியார் உறுதி சொன்னது, துண்டு விழுவது. கையெழுத்தாகாத வாக்குறுதி மூன்றாவது பத்தியில்தான் இருக்க வேண்டும். 2024 செப்டம்பரில் ஏ.எம்.ஆர். குறித்த ஐ.நா. பொதுச்சபை அறிவிப்பு, 2030-க்குள் 60% நாடுகளிடமாவது பணம் ஒதுக்கப்பட்ட தேசியத் திட்டம் இருக்க வேண்டும் என்று இலக்கு வைத்தது. மேல்நடுத்தர வருமான நாடான நமக்கு மானியம் எளிதில் வராது. துண்டு விழுவதில் பெரும்பகுதி ஜூன் பட்ஜெட்டில்தான் கேட்க வேண்டிவரும். தொடர்செலவும் மூலதனமும் தனித்தனித் தலைப்பில் போகும், இப்போதே பிரித்து வையுங்கள்.

அனுப்பும் முன் கூடுதல் செலவில் மிகப் பெரிய பத்து வரிகளை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றின் எண்ணிக்கையையும் 20% கூட்டிக் குறைத்துப் பாருங்கள். மொத்தத் தொகை எந்த வரியால் அதிகம் ஆடுகிறதோ, அந்த எண்ணை ஆய்வகப் பதிவேட்டில் போய் மறுபடி எண்ணிவிட்டு வாருங்கள்.