மலைப்பள்ளி நடத்தும் ஃபாதர்களும் சிஸ்டர்களும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கேரளத்தில் மூணாறு, தேவிகுளம், வண்டிப்பெரியாறு பக்கத்துக் கத்தோலிக்கப் பள்ளிகளில் லயத்துப் பிள்ளைகள், அதாவது தேயிலை எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகளிலிருந்து வருகிறவர்கள், நிறையப் பேர் படிக்கிறார்கள். வீட்டில் தமிழ், ஆபீஸ் ரூமில் மலையாளம். அம்மா கொழுந்து எடுக்கப் போயிருப்பார், அப்பா ஃபேக்டரியிலோ ஜீப்பிலோ இருப்பார். பள்ளியை நடத்துகிறவர்கள் பெரும்பாலும் நல்ல மனுஷர்கள்தான். சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. பிள்ளைகள் மேல் தங்களுக்குப் பாசம் இருக்கிறது, அதற்கு மேல் தனியாக ஏற்பாடு எதற்கு என்று இருந்துவிடுகிறார்கள். நேசித்தால் மட்டும் போதாது, நேசிக்கப்படுவது பிள்ளைகளுக்கே தெரிய வேண்டும் என்று சலேசிய சபையை நிறுவிய தொன் போஸ்கோ 1884-ல் ரோமிலிருந்து தம் சபையாருக்கு எழுதினார். அது தெரிவதற்கு என்ன ஏற்பாடு செய்திருக்கிறோம் என்பதுதான் ஒரு எச்.எம். கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.

முதல் தவறு காலை அசெம்பிளியிலேயே நடந்துவிடுகிறது. ஜூலை மாதம், பனிமூட்டம். எஸ்டேட் ஜீப் இருபது நிமிஷம் தாமதம். ஷூவெல்லாம் நனைந்து ஓடிவரும் எட்டாம் வகுப்புப் பையனைத் தனி வரிசையில் நிறுத்துகிறார்கள். ஜெபம் முடிகிறது, அன்றைய சிந்தனை வாசிக்கிறார்கள். அடுத்து மைக்கில் பெயர்கள்: லேட் வந்தவர்கள், வண்டிக் காசு பாக்கி வைத்தவர்கள், மாதத் தேர்வில் கடைசி ஐந்து பேர். இரண்டு நிமிஷத்துக்கு முன்புதான் எல்லோரும் கடவுளின் பிள்ளைகள் என்று சொல்லியிருப்பார்கள். காசு பாக்கி என்பது அப்பா அம்மாவிடம் பேச வேண்டிய விஷயம், அதைப் பையனிடம் மைக்கில் கேட்டு என்ன வரப் போகிறது?

இனி இது வெறும் நாகரிகப் பிரச்சினையும் இல்லை. விசாகப்பட்டினத்தில் நீட் பயிற்சிக்குப் போன மாணவி இறந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 ஜூலை 25 அன்று நாடு முழுவதற்கும் பொதுவான வழிகாட்டுதல்களைத் தந்தது. கூடியவரை மதிப்பெண்ணை வைத்துப் பிள்ளைகளைத் தனித்தனிப் பிரிவாகப் பிரிக்கக் கூடாது, எல்லோர் முன்னிலையிலும் அவமானப்படுத்தக் கூடாது, நூறு மாணவர்களோ அதற்கு மேலோ இருந்தால் தகுதியுள்ள கவுன்சலர் ஒருவராவது வேண்டும், ஊழியர்களுக்கு ஆண்டுக்கு இரண்டு முறை பயிற்சி தர வேண்டும் என்கிறது அந்தத் தீர்ப்பு. பயிற்சி ஆசிரியர்களுக்கு மட்டுமல்ல, ஆசிரியர் அல்லாத ஊழியர்களுக்கும் சேர்த்துத்தான். வாட்ச்மேனையும் சமையல்கார அக்காவையும் விட்டுவிடாதீர்கள். அழுதுகொண்டு நிற்கும் பிள்ளையை முதலில் பார்ப்பது பெரும்பாலும் அவர்கள்தான்.

கவுன்சலர் வேண்டும் என்றதும் நடக்கும் அடுத்த தவறு, இருக்கிற ஆளையே கவுன்சலர் ஆக்கிவிடுவது. மேனேஜரும் ஃபாதர், ஒழுங்கு பார்ப்பவரும் ஃபாதர், மனசு விட்டுப் பேச வேண்டியதும் ஃபாதரிடம், முதல் வெள்ளிக்கிழமை பாவசங்கீர்த்தனம் (பாவங்களைக் குருவிடம் அறிக்கையிடுவது) கேட்பதும் அதே ஃபாதர். டி.சி. கொடுக்கும் அதிகாரம் உள்ளவரிடம் எந்தப் பிள்ளை மனசைத் திறக்கும்? திருச்சபை இதை என்றோ யோசித்துவிட்டது. இலத்தீன் திருச்சபைச் சட்டத்தின் 985-ம் பிரிவு, கல்வி நிறுவனத்தின் அதிபர் தம்முடன் ஒரே வீட்டில் தங்கியிருக்கும் மாணவர்களின் பாவசங்கீர்த்தனத்தைக் கேட்கக் கூடாது என்கிறது. குறிப்பிட்ட சமயத்தில் மாணவரே விரும்பிக் கேட்டால் மட்டும் விலக்கு. சட்டத்தின் சொல்படி பார்த்தால் அது போர்டிங் பிள்ளைகளுக்கானது. அதன் நியாயம் ஜீப்பில் வந்துபோகும் பிள்ளைக்கும் பொருந்தும் என்பது என் கருத்து.

பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை வைத்து ஃபாதர் வெளியே ஒரு அடிகூட எடுத்துவைக்க முடியாது. கவுன்சலிங்கில் கேட்டதை வைத்து நடவடிக்கை எடுத்தே ஆக வேண்டிய நேரம் உண்டு. இரண்டையும் ஒரே நாற்காலியில் வைத்தால் ஆபத்தில் இருக்கும் பிள்ளை நடுவில் மாட்டிக்கொள்ளும். அப்படிப்பட்ட விஷயம் பாவசங்கீர்த்தனத்தில் வந்தால், வெளியே நம்பும் ஒரு பெரியவரிடம் இதைச் சொல்லு என்று பிள்ளையை அங்கேயே தூண்டலாம். அதற்கு வெளியே அப்படி ஒரு பெரியவர் இருக்க வேண்டுமே!

அந்தப் பெரியவருக்குத் தமிழும் தெரிந்திருக்க வேண்டும். வாரம் ஒரு நாள் கீழேயிருந்து வரும் கவுன்சலருக்கு மலையாளம் மட்டும் தெரியும் என்றால், பக்கத்து பெஞ்சுப் பிள்ளையைக் கூப்பிட்டு மொழிபெயர்க்கச் சொல்கிறார்கள். சாயங்காலம் ஜீப் கிளம்புவதற்குள் விஷயம் லயம் முழுக்கப் போய்ச் சேர்ந்துவிடும். ஆள் கிடைக்காத நாளில் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ல் தமிழிலேயே பேசலாம். இந்த எண்ணை ஸ்டாஃப் ரூமில் ஒட்டிப் பயனில்லை, பிள்ளைகள் கண்ணில் படும் இடத்தில் ஒட்டுங்கள்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு ஒன்று உண்டு. ஒரு பிள்ளை தன்னை யாரோ தொட்டதாகச் சொல்கிறது. உடனே கதவைச் சாத்திக்கொண்டு ஒரு கூட்டம். சபைக்குக் கெட்ட பெயர் வரும், முதலில் நாமே விசாரிப்போம், மேலிடத்துக்கு எழுதுவோம், சாரை வேறு ஸ்கூலுக்கு மாற்றிவிடுவோம். இதில் ஒன்றுகூடச் செய்யக் கூடாது. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012-ன் 19-ம் பிரிவுப்படி, தெரிய வந்தவர் போலீஸுக்கோ சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ தெரிவித்தே ஆக வேண்டும். உண்மையா பொய்யா என்று கண்டுபிடிப்பது பள்ளியின் வேலை இல்லை. தமக்குக் கீழ் வேலை செய்பவர் மேல் வந்த புகாரை நிறுவனத் தலைவர் மறைத்தால் 21-ம் பிரிவுப்படி ஓர் ஆண்டு வரை சிறை உண்டு. நல்லெண்ணத்தோடு தகவல் சொன்னவர் மேல் வழக்கு வராது என்றும் அதே சட்டம் சொல்கிறது. குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குக் கூப்பிட்டால் என்ன செய்வதென்று வழிகாட்டுவார்கள். மேலிடத்துக்கு எழுதுவது பிறகு. ரோம் தடுக்கும் என்ற சாக்கும் இனிச் செல்லாது. இப்படிப்பட்ட வழக்குகளுக்கு இருந்த பாப்பிறை இரகசியம் என்ற திருச்சபையின் கடும் இரகசிய விதியைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2019 டிசம்பரில் நீக்கிவிட்டார்.

பிள்ளைகளைத் தலைவர்களாக வளர்க்கிறோம் என்ற பெயரில் நடப்பதையும் சொல்ல வேண்டும். ஸ்கூல் லீடருக்கு பேட்ஜ் குத்தி, கையில் மெழுகுவர்த்தி கொடுத்து, உறுதிமொழி எல்லாம் வாங்குகிறார்கள். அதன் பிறகு அவன் செய்யும் வேலை, பேசியவன் பெயரைப் போர்டில் எழுதுவது. பெயருக்குப் பக்கத்தில் பெருக்கல் குறி, மறுபடி பேசினால் இரண்டாவது குறி. கொஞ்ச நாளில் தின்பண்டம் கொடுத்தவன் பெயர் அழிகிறது, கொடுக்காதவன் பெயர் நிற்கிறது. நாம் வளர்ப்பது தலைவனை அல்ல, ஒற்றனை! புதிதாக வந்த பிள்ளையோடு மதியம் உட்கார்ந்து சாப்பிடுவது, கழிவறையில் தண்ணீர் வராவிட்டால் எச்.எம்.மிடம் வந்து சொல்வது, இவற்றை லீடரிடம் கொடுத்துப் பாருங்கள்.

வேற்று மதப் பிள்ளைகள் விஷயத்தில் அதிகம் விளக்கத் தேவையில்லை. அரசியல் சாசனத்தின் 28(3) பிரிவு, பெற்றோர் சம்மதம் இல்லாமல் மத போதனையிலோ வழிபாட்டிலோ பிள்ளைகளைச் சேர்க்கக் கூடாது என்கிறது. நம் மரபுகளைப் பிற மத மாணவர்கள் மேல் திணிக்க வேண்டாம் என்று இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையும் 2024-ல் பள்ளிகளுக்குச் சொல்லிவிட்டது.

மழையையும் மறந்துவிடுகிறார்கள். 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு பக்கத்துப் பெட்டிமுடி லயங்களில் மண் சரிந்து 70 பேர் போனார்கள். இன்றும் தகரக் கூரையில் மழை வலுத்தால் சில பிள்ளைகளுக்குப் பாடம் காதில் ஏறாது. அதைக் கவனக்குறைவு என்று ரிப்போர்ட் கார்டில் எழுதாதீர்கள்.

அந்தக் கார்டை வாங்கப் புதன்கிழமை காலை பத்து மணிக்குப் பி.டி.ஏ. கூட்டம் வைத்தால் அம்மாவுக்கு அன்றைய கூலி போகும். வராதவரை அக்கறை இல்லாத பெற்றோர் என்று எழுதிக்கொள்வார்கள். ஞாயிறு மதியம் வையுங்கள், நோட்டீஸைத் தமிழிலும் அச்சடியுங்கள். மாதம் ஒரு முறை எச்.எம். லயத்துக்கே போய்வந்தால் இன்னும் நல்லது.

கடைசியாக டிரான்ஸ்ஃபர். பல பள்ளிகளைச் சேர்த்து நடத்தும் கார்ப்பரேட் மேனேஜ்மென்ட் ஆர்டர் போட்டால் எச்.எம். மாறுவார், சபையின் மாகாணத் தலைவியான புரொவின்ஷியல் சொன்னால் சிஸ்டர் பெட்டியைக் கட்டுவார். எந்தப் பிள்ளை சித்தி வீட்டில் வளர்கிறது, எவனுக்கு வலிப்பு மாத்திரை, எந்தப் பெண்ணை எந்த உறவினரோடு அனுப்பக் கூடாது என்பதெல்லாம் அவர் தலைக்குள்ளேயே போய்விடும். ஜூனில் வருகிறவருக்குக் கையில் கிடைப்பது கேஷ் புக்கும் சாவிக்கொத்தும்தான். கிளம்பும் முன் கவனம் தேவைப்படும் பிள்ளைகளைப் பற்றி ஒரு குறிப்பு எழுதி, புதிதாக வருகிறவரிடமும் கவுன்சலரிடமும் மட்டும் நேரில் கொடுங்கள். ஆபீஸ் அலமாரியில் வைத்துவிட்டுப் போகாதீர்கள், வாட்ஸ்அப்பில் அனுப்பவே அனுப்பாதீர்கள்.