மெரைன் டேங்கில் ஒட்டிக்கொண்டு வந்த உயிர்கள்: பயப்படாமல் அடையாளம் காண்பது எப்படி?

சென்னை கொளத்தூரில் வாங்கிய பாறையையோ பாசியையோ மெரைன் டேங்கில், அதாவது கடல்நீர் மீன் தொட்டியில், இறக்கிய கொஞ்ச நாளில் ஏதோ ஊர்கிறது என்று பதறி, உடனே மருந்து ஊற்றிவிடுகிறார்கள். தயவுசெய்து ஊற்றாதீர்கள். செம்பு கலந்த மருந்து நத்தை, இறால், கோரல் (பவளம்) எல்லாவற்றையும் கொன்றுவிடும், பாறையிலும் தங்கிவிடும். வந்தது யாரென்று முதலில் பார்ப்போம்.

1. இரவில் பாருங்கள். விளக்கை அணைத்து ஒரு மணி நேரம் போகட்டும். டார்ச் முகப்பில் சிவப்புக் கண்ணாடித்தாள் கட்டிக்கொள்ளுங்கள். சிவப்பு வெளிச்சம் இவற்றில் பலவற்றுக்குச் சரியாகத் தெரியாது, அதனால் ஓடி ஒளியாது. போனைக் கண்ணாடியோடு ஒட்டிவைத்து வீடியோ எடுங்கள்.

2. கண்ணாடியைப் பாருங்கள். துள்ளித் துள்ளி நகரும் வெள்ளைப் புள்ளிகள் கோபிபாட் என்ற இறால் இனத்து நுண்ணுயிர்கள். மீனுக்கு அருமையான தீனி. நகராமல் ஒட்டியிருக்கும் குட்டி வெள்ளைச் சுருள்கள் ஸ்பைரார்பிட் புழுக்கள். நீரை வடிகட்டிச் சாப்பிடும், அவ்வளவுதான்.

3. பாறை இடுக்கைப் பாருங்கள். பூரான் என்று பலரும் அலறுவது பிரிஸில் புழுவைத்தான். பழுப்பு கலந்த இளஞ்சிவப்பு உடல், ஒவ்வொரு கணுவிலும் இருபுறமும் மெல்லிய வெள்ளை முட்கள். மிச்சத் தீனியையும் கழிவையும் தின்று மணலைச் சுத்தமாக வைத்திருக்கும். செத்த மீனை மொய்ப்பதைப் பார்த்துக் கொலைப்பழி போடுவார்கள், பாவம். பெரும்பாலும் மீன் செத்த பிறகுதான் வந்திருக்கும். வெறுங்கையால் மட்டும் தொடாதீர்கள், முள் ஏறிவிடும். ஏறினால் செல்லோடேப் ஒட்டி உரித்தெடுங்கள். முட்கள் அடர்ந்த வெள்ளைக் குஞ்சங்களாகவும் அடியில் சிவப்பாகவும் இருந்தால் அது கோரலைத் தின்னும் ஃபயர் வோர்மாக இருக்கலாம், இடுக்கியால் எடுத்துவிடுங்கள்.

ஓட்டையிலிருந்து மெல்லிய கைகள் மட்டும் ஆடினால் நட்சத்திர மீனின் உறவான குட்டி பிரிட்டில் ஸ்டார். முதுகில் தட்டையான சின்ன ஓட்டோடு வேகமாக நகர்வது ஸ்டொமடெல்லா நத்தை. பாசி தின்பதில் இதற்கு ஈடில்லை. பயந்தால் பாதத்தின் பின்பகுதியைக் கழற்றிவிட்டு ஓடும், அது திரும்ப வளரும்.

4. எண்ணிக்கையைக் கவனியுங்கள். புழுக்கள் திடீரென்று பெருகினால் நீங்கள் தீனி அதிகம் போடுகிறீர்கள். அளவைக் குறையுங்கள், தானாகவே குறையும்.

இந்த நல்ல உயிர்கள் வேண்டுமென்று காசிமேட்டு மீனவர்களிடம் கடல் பாறை கேட்காதீர்கள், அது பவளமாக இருக்கலாம். பாறை உருவாக்கும் பவளங்களும் கடல் விசிறிகளும் 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன.

5. கண்ணாடிபோல் தெளிந்த பழுப்புத் தண்டு, நுனியில் கூரிய இழைகள், தொட்டதும் சட்டென்று உள்ளிழுத்தால் அது ஐப்டேசியா என்ற கடல் சாமந்தி. இது நல்லவர் பட்டியலில் இல்லை. நசுக்க மட்டும் வேண்டாம், கிழிந்த துண்டிலிருந்தும் புதிதாக முளைத்துவிடும்.